பீங்கான் குழாய்க்குள் போன இழை

இன்று பெண்ணாடம் சாலையோரம் புதிய பள்ளத்தில் கண்ணாடி இழைக்கம்பியைப் போட்டு, மேலே களிமண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடிய பிறகு நான் போடும் முதல் கம்பி இது.

பூமிக்குள் எழும் சின்னச் சின்ன அதிர்வுகளைக் கேட்க, முதல் சோதனையை நாம் இருவரும்தான் செய்தோம். தலைமுடி அளவுக் கண்ணாடி இழை. மண் அதிரும் இடத்தில் அது இம்மியளவு நீளும். உள்ளே போய்த் திரும்பும் ஒளி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நீயோ பீங்கான் குழாய் செய்யும் கம்பெனிக்காரர் மகள். "நம்ம ஊரு கொழாய்க்குள்ள வுட்டு பொதைப்போம்டி. எலியும் கடிக்காது, டிராக்டர் ஏறுனாலும் ஒண்ணும் ஆவாது" என்றாய், அத்தனை பெருமையாக.

கம்பி பத்திரமாகத்தான் இருந்தது. அதற்குக் காதுதான் கேட்கவில்லை. கரும்பு டிராக்டர் பக்கத்தில் போனால்கூடத் திரையில் லேசான கலங்கல், அவ்வளவுதான். குழாய்க்குள் தொளதொளவென்று கிடந்த கம்பிக்கு மண்ணின் அசைவு எட்டவே இல்லை. நீ வாய்க்கால் மேட்டில் குதித்துக் குதித்து, போனில் "இப்ப தெரியுதாடி?" என்று கத்துவாய். நான் "இல்லடி" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். உனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் குழாயைத் தோண்டி எடுக்க நீதான் முதலில் மண்வெட்டியைத் தூக்கினாய். வெறுங்கம்பியை ஈரக் களிமண்ணோடு இறுக்கிப் புதைத்தோம். மண் பிடித்ததும் மறுபடி குதித்தாய். திரையில் பளிச்சென்று ஒரு கோடு.

"வந்துடுச்சுடி!" என்றேன். அப்புறம் உன்னை யார் நிறுத்துவது? வேலை முடிந்த பிறகும் கம்பி போன வழியெல்லாம் குதித்துக்கொண்டே போனாய், பைத்தியம்.

போன வாரம் அலுவலகத்தில் இடம் போதவில்லை என்று பழைய பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கம்பி மலை மலையாகப் பதிவு சேர்க்கும் என்பது உனக்குத் தெரியாததா? புதிதாக வந்திருக்கும் பொறியாளர் நம்முடைய அன்றைய சோதனைப் பதிவைத் திறந்து, "ஏதோ மாடு ஓடியிருக்குது போல மேடம். அழிச்சிடட்டுமா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. எங்கே அதிர்ந்தது என்று இழை சொல்லும். யாரால் அதிர்ந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எனக்குத்தான் தெரியும், அது நீ என்று.

"வேணாங்க, எனக்கு வேணும்" என்று சொல்லி அதை என் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டேன்.

"அப்படி என்ன மேடம் இருக்குது அதுல?"

"என் ஃப்ரெண்டு இருக்கா. ரொம்ப சந்தோஷமா இருக்கா."