அம்மாவுக்கும் பிரஷர் இருந்ததா?

மடுல்கெல்ல
04.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் தங்கச்சி மதனியும் சுகம்தானே? போனை எடுக்கமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். எனக்கு மூன்று மாதம். ஜெயராஜ் என்னை ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்க விடுகிறாரில்லை.

கிளினிக்கில் ஒன்று கேட்டார்கள். மதனி பிறந்தபோது அம்மாவுக்குப் பிரஷர் இருந்ததா? இருந்திருந்தால் எனக்கும் வரலாமாம். இப்போதே தினமும் விழுங்க ஒரு சின்னக் குளிசை தொடங்குவார்களாம். அம்மா நெருப்புக்காய்ச்சலில் செத்துப்போனா என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். ஆனால் கால் வீங்கி, அம்மா உங்கள் செருப்பைப் போட்டு நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஓமா, இல்லையா? ஒரு சொல் போதும்.

அன்பு மகள்,
கஜாலினி

கட்டுகஸ்தோட்டை
11.03.2024

கஜாலினிக்கு,

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியைக் கட்டும்போது அப்பாவைக் கேட்கவில்லை. இப்போது கேட்க அப்பா வேண்டியிருக்கிறது.

இல்லை. நம் குடும்பத்தில் அப்படி ஒரு நோய் வருத்தமும் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் வைத்தியப் புத்தகங்களை நானே வாசித்துத் தெரிந்தவன். கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது இயற்கை. மதனிக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம். இதைப் போகிற இடமெல்லாம் கிளறாதே.

க. ஸ்ரீஸ்கந்தராசா

மடுல்கெல்ல
02.07.2024

அப்பா,

பிள்ளை தங்கவில்லை. பெண்பிள்ளை. பிரஷர் ஏறி எனக்கு வலிப்பு வந்து, ஏழாம் மாதமே எடுத்தார்கள்.

முந்தின கிழமை எடுத்த இரத்தத்திலேயே, நச்சுக்கொடியிலிருந்து வரும் புரதங்களின் அளவு மாறியிருந்ததாம். பிரஷர் ஏறுமுன்பே இரத்தத்துக்குத் தெரிந்துவிடுகிறது, அப்பா. "வீட்டில ஒருத்தருக்கும் இல்லை எண்டீங்களே?" என்று டொக்டர் கேட்டா. ஜெயராஜ் சின்னம்மாவுக்குப் போன் எடுத்தார். "ஓம் தம்பி, அக்காவும் வலிப்பிலதான் போனவ. அத்தான் வாய் திறக்க விடேல்லை" என்று அழுதாவாம்.

குளிசை கட்டாயம் காப்பாற்றியிருக்கும் என்று டொக்டர் சொல்லவில்லை. தொடங்கியிருக்கலாம் என்றுதான் சொன்னா.

மதனிக்காவது சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

கஜாலினி

கட்டுகஸ்தோட்டை
19.11.2024

கஜாலினிக்கு,

முன்பு எழுதியவற்றுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை.

சொல்லிவிட்டாய். மதனி அதை மாப்பிள்ளை வீட்டாருக்கே எடுத்துச் சொன்னாள். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இதற்குப் பயந்துதானே நான் வாயைக் கட்டினேன்? வலிப்பில் செத்தவளின் பிள்ளைகளை யார் கட்டுவான்? இன்னொரு தரம் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

"ஒரு சொல்லு அப்பா, ஒரேயொரு சொல்லு. அக்கான்ர மடியில பிள்ளை இருந்திருக்கும்" என்றாள் மதனி. "அது டொக்டருக்கே நிச்சயமில்லையாம்" என்றேன். அன்று பையைத் தூக்கியவள்தான். உன்னிடம் இருப்பாள். இருக்கட்டும்.

எனக்கும் பிரஷர் என்கிறார்கள். குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்றேன். குளிசையை நேரத்துக்கு எடுத்துத் தர வீட்டில் யார் என்றாள். ஒருவரும் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

க. ஸ்ரீஸ்கந்தராசா