எல்லைக்கோட்டின் மேல் ஒரு வீடு

நெப்ராஸ்கா,
மார்ச் 9, 1886

அன்புள்ள அல்மீரா,

ஐம்பதை நெருங்கும் வயதில் ஒகையோவை விட்டு ஏன் போனாய் என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். பதில் எனக்கே தெரியவில்லை. இங்கே எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. பக்கத்துச் செக் இனக் குடும்பம் மகனைப் பட்டாளத்துக்குக் கொடுக்க மனமில்லாமல் வந்தது. ஹல்டா, சொந்த மண்ணில் ஒரு தடவையாவது விதைக்க வேண்டுமென்று ஸ்வீடனிலிருந்து வந்த விதவை. கல்லூரியில் படித்து, பள்ளியில் பாடமும் நடத்திய எனக்குத்தான் காரணம் சொல்லத் தெரியவில்லை.

அரசாங்கம் நிலத்தைச் சும்மா தருகிறது. ஆனால் ஐந்து வருஷம் அவரவர் நிலத்தில் குடியிருக்க வேண்டும். அதனால் நானும் ஹல்டாவும் எங்கள் இரண்டு நிலங்களுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டின் மேலேயே, புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் ஒரே வீடாகக் கட்டிக்கொண்டோம். அவள் கட்டில் அவள் நிலத்தில், என் கட்டில் என் நிலத்தில். அடுப்பு மட்டும் அவள் பக்கம்.

ஜனவரியில் கடும் காய்ச்சலில் விழுந்தேன். ஹல்டா என் கட்டிலை அடுப்போரம் இழுத்துப் போட்டாள். பனி உருகும்வரை அங்கேதான் படுத்திருந்தேன். அதைப் பார்த்த ஒருவன், நான் என் நிலத்தில் குடியிருக்கவில்லை என்று நில அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டான். அவன் ஜெயித்தால் நிலம் அவனுக்கு.

"கட்டில் நகரவே இல்லைன்னு நான் சத்தியம் பண்றேன்" என்கிறாள் ஹல்டா.

"பைபிள் மேல கை வச்சுப் பொய்யா?"

"நீதான் கோயிலுக்கே வர மாட்டியே, டீச்சரம்மா. உனக்கென்ன வந்தது?"

நீ அனுப்பிய கம்பளிக்கு நன்றி. நான் பிழைத்தது அதனால்தான். பாதிப் பெருமை தன்னுடையது என்கிறாள் ஹல்டா.

உன் அக்கா,
லுசிண்டா

ஒகையோ,
மார்ச் 21

அன்பு அக்கா,

மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். தோற்றால் கூச்சப்படாமல் வந்துவிடு. நீ தோற்க வேண்டுமென்று நான் ஜெபிக்கிறேன் என்றால் கோபிப்பாயா? ஹல்டாவுக்கு என் நன்றியைச் சொல். உன்னை எனக்கு உயிரோடு வைத்திருக்கிறாள்.

அல்மீரா

நெப்ராஸ்கா,
ஏப்ரல் 6

அல்மீரா,

கோபமில்லை. விசாரணை நாளைக்கு. பொய் சொல்ல வேண்டாம் என்று ஹல்டாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காலையிலிருந்து என்னோடு பேச்சில்லை. தோற்றால் உன்னிடம்தான் வருவேன், நன்றியோடு வருவேன். ஆனால் அங்கே எனக்கு மனம் ஒட்டாது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஏப்ரல் 7, இரவு

தபாலில் சேர்க்கும் முன் இதையும் எழுதுகிறேன். ஹல்டா உண்மையையே சொன்னாள். "நான்தான் இழுத்தேன், ஐயா. வேண்டாம்னு என்னை உதைச்சா. இவ செத்துப்போயிருந்தா கட்டில் எந்தப் பக்கம் இருந்து என்ன?" அதிகாரி சிரிக்கவில்லை. நோயில் கிடந்தவர் குடியிருப்பை விட்டவராக மாட்டார் என்று எழுதி, மனுவைத் தள்ளுபடி செய்தார். திரும்பும் வழியில் ஹல்டா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வண்டியை நான் ஓட்டினேன்.

லுசிண்டா