மடுவத்துக்குப் போன ஆராதனை

1957 மே 5, ஞாயிறு

இன்று கோயிலில் இருந்தவர்கள்: ராசம்மாவாகிய நான். காது கேளாத வீரய்யா. பிள்ளைத்தாய்ச்சியான என் பேத்தி பூரணி. பிரசங்கம் செய்யப் புதுப் போதகர் அருளானந்தம். அவ்வளவுதான். மலையில் தேயிலைக் கொழுந்து மண்டிவிட்டதாம், ஞாயிறும் வேலையாம். என் மருமகள் மீனம்மாவும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பழைய போதகர் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்த் திட்டியிருப்பார். இவர் சிரிக்கிறார்!

"அவங்களால வரமுடியலேன்னா நாமதான் போகணும் பாட்டி."

எங்கே போவது?

மே 12

கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்காம்! பகல் நிறுவை முடிந்ததும் அரைமணி நேரம் ஆராதனை. பெஞ்சும் மணியும் உள்ள கோயிலை விட்டுவிட்டு, சாக்குக்கும் அட்டை கடித்த காலுக்கும் நடுவில் நின்று வேதம் வாசித்தாராம். நான் போகவில்லை. ஒன்பது மணிக்குக் கோயிலைத் திறந்து தனியாக உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடினேன். யாருக்கு?

மீனம்மா வந்து சொல்கிறாள்: "அத்தை, சாமி கும்புடுற இந்துக்கள்கூட நின்னு கேட்டாங்க. காளியாயி அழுதுட்டா."

"அழுவா. கொழுந்து நிறை குறைஞ்சிருக்கும்" என்றேன்.

மே 14

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி, "என்ன ராசம்மா, ஒங்க கோயில்ல வௌவாலு குடியேறிருச்சாமே?" என்றார். "தொரைகிட்டச் சொல்லி மடுவத்துல ஆராதனைய நிறுத்துங்க. சனம் தானா கோயிலுக்கு வரும்" என்று சொல்லிவிட்டேன்.

மே 17

போதகர் இனித் தோட்டத்துக்குள் காலே வைக்கக்கூடாது என்று தோட்டத்தை நடத்தும் துரை கடிதம் அனுப்பிவிட்டார். மடுவத்துக்கு மட்டுமில்லை, கோயிலுக்கும்! கோயில் நிற்பதும் தோட்டத்து மண்ணில்தானே. இது எனக்குத் தோணாமப் போச்சே. நான் கேட்டது என்ன, நடந்தது என்ன! பூரணிக்கு மாதம் நிறைந்துவிட்டது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது யார்? நான் செத்தால் அடக்கம் பண்ணத்தான் யார் வருவார்?

மே 19

கோயில் பூட்டு.

மே 26

அந்த மனுசனுக்கு வெட்கமே கிடையாது. தோட்டத்து எல்லைக்கு வெளியே, றொசல்ல போகிற ரோட்டில், மழையில் நின்று பிரசங்கம் செய்கிறார். "இது கவர்மெண்டு ரோடு, தொரை ரோடில்ல" என்கிறார். பெண்கள் கூடையோடு தேயிலை ஓரத்தில் நிற்கிறார்கள், நடுவில் தண்ணீர் ஓடும் கான். பஸ் வந்தால் ஒதுங்கி நின்று, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். கொழும்பில் பெரிய சபை கூப்பிட்டும் போகவில்லையாம். சும்மா பார்க்கப் போன என்னைக் கண்டு, இத்தனை பேர் முன்னால், "பாட்டி, மொழங்கால் வலி எப்படி?" என்று கத்துகிறார்.

ஜூன் 2

பூரணிக்கு நேற்றுப் பெண் பிள்ளை. இன்றும் ரோட்டுக்குப் போனேன். கணக்கப்பிள்ளையிடம் மூட்டிவிட்டது நான்தான் என்று சொல்லத்தான் போனேன். பிள்ளை பிறந்ததை மட்டும் சொன்னேன். மறுபடியும் முழங்காலைக் கேட்டார்.

ஜூன் 16

பிள்ளைக்கு ஞானஸ்நானம், ரோட்டோரத்தில். கோயில் கிண்ணத்தை நானே எடுத்துக்கொண்டு கானைத் தாண்டினேன். கையில் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன்.

"ஐயா, கணக்கப்பிள்ளைகிட்டப் போய்ச் சொன்னது நாந்தாங்க."

"தெரியும் பாட்டி. கடிதம் வந்த அன்னைக்கே கணக்கப்பிள்ளை சொல்லிட்டார். தண்ணிய ஊத்துங்க."

தெரிஞ்சுகிட்டேதானா என் முழங்காலைக் கேட்டாரு? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், முடிந்திருக்கும். இப்போது இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? துரையை விட்டுவிடுகிறேன். கணேசமூர்த்தியைக்கூடப் போகட்டும் என்று விடலாம். ஒரே ஒரு ஆளை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன் — போதகர் அருளானந்தம்.