அரை மாத்திரைக்கு அரைத் தூக்கமா?

என் மகளின் அப்பாவுக்கு,

இங்கே நானும் குழந்தையும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் நலம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் "சரிங்க டாக்டரம்மா" என்று சிரித்து மழுப்பிவிட்டு வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். அடுத்த தெரு வெல்டர் அண்ணன் லீவு முடிந்து கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் கடைசி வரி வரைக்கும் படிக்கிறீர்களா என்று எதிரில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பிறகு சொல்ல மனசு வராது. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது, என்னைக் காலர் தைக்கும் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து என் தம்பி பேசினான். உங்கள் கம்பெனியில் புது ஷூ கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரே பெருமை. பழசுக்கு என்னடா கேடு வந்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். "நசுங்கிடுச்சுக்கா" என்றான். எப்படி என்றால் உடனே மழை, வெயில் என்று பேச்சை மாற்றுகிறான். நான் விடுவேனா? குடைந்து குடைந்து கேட்டதில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

நீங்கள் கிரேனில் இரும்புக் குழாய்க் கட்டை இறக்கிக்கொண்டிருந்தீர்களாம். கீழே நின்ற இவன் போதும் என்று கை காட்டினானாம். கட்டு நிற்கவில்லையாம். வாக்கிடாக்கியில் தொண்டை கிழியக் கத்தினானாம், அப்புறம்தான் நின்றதாம். அதற்குள் இவன் ஷூவின் முனை அடியில் மாட்டிக்கொண்டது. உள்ளே இரும்புத் தகடு இருந்ததால் விரல்கள் பிழைத்தன. "மாமா லேசா கண்ணசந்துட்டாருக்கா, அவ்வளவுதான், நீ பெருசு பண்ணாத" என்கிறான். பெரிசு பண்ணக் கூடாதாம்! கையிலிருந்த கரண்டியை எங்கே போட்டேன் என்று இன்னும் தேடுகிறேன்.

அப்புறம்தான் மாத்திரைக் கதை வெளியே வந்தது. உங்கள் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற புல்வெளி பூக்கிற பருவமாம். உங்களுக்கு அந்த மகரந்தம் ஆகவில்லையாம். அடுக்கடுக்காகத் தும்மலாம், கண் அரிப்பாம், மூக்கில் தண்ணீராம். சரி, அது பாவம்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து தும்மினால் கை ஆடத்தான் செய்யும். அதற்குக் காண்டீனில் எவனோ நீட்டிய மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொள்வதா? பேர் என்ன, எதற்கு, போட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்களா? அரைக் கிலோ வெங்காயம் வாங்க ஆயிரம் கேள்வி கேட்கிற மனுஷன்!

தூக்கம் வருகிறது என்று தெரிந்த பிறகாவது நிறுத்தினீர்களா? இல்லை. காலையில் அரை, மத்தியானம் அரை என்று உடைத்துப் போட ஆரம்பித்தீர்களாம். "அரை மாத்திரைக்கு அரைத் தூக்கம்தான்டா வரும்" என்று தம்பிக்குக் கணக்கு வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அரைத் தூக்கத்தில் கிரேன் ஓட்டலாம் என்று எந்தப் புண்ணியவான் சொன்னான்? போதாததற்கு ராத்திரி மூக்கடைப்புக்கு ஒரு சிரப்பாம்.

இதையெல்லாம் விடக் கொடுமை, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த வைத்தியம். நீங்கள் தூங்கிவிடாமல் இருக்க அவன் கீழேயிருந்து வாக்கிடாக்கியில் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பானாம். பழைய கதை, ஊர் வம்பு, அதுவும் தீர்ந்தால் பாட்டு. என் தம்பி பாடினால் எங்கள் வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வோம், அவனை நம்பியா நீங்கள் கட்டைத் தூக்குகிறீர்கள்? மாமனும் மச்சானும் சிரித்துக்கொண்டு கமுக்கமாக இதை நடத்தியிருக்கிறீர்கள்.

எங்கள் தெரு முனை மருந்துக்கடைப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். தம்பி அட்டையைப் பார்த்துப் படித்த மாத்திரைப் பேரைச் சொன்னதும், "அக்கா, இது பழைய ரகம், நல்லா தூக்கம் வரும். தூக்கம் வரலன்னு அவரு நினைச்சாலும் கையும் கண்ணும் மந்தமாத்தான் இருக்கும். வண்டி, மிஷின் எதையும் தொடக் கூடாது" என்றாள். சிரப்பிலும் அதே மாதிரி மருந்து இருக்கலாம், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்றாள். அதிகம் தூக்கம் தராத புது ரக மாத்திரைகள் இருக்கின்றனவாம். அதிலும் சிலருக்குத் தூக்கம் வரலாம், லீவு நாளில் போட்டுப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டுமாம். மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேகூட உண்டாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உங்கள் கம்பெனி டாக்டர் அறைக் கதவைத் தட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். "மூக்கு ஒழுகுதுன்னு கிரேன்காரன் போய் நிப்பானா? கீழ இறக்கி விட்டுருவாங்க" என்றீர்களாம். இறக்கி விட்டால் என்ன? பருவம் முடிகிற வரைக்கும் தரையில் நின்றால் உங்கள் மானம் கப்பலேறிவிடுமா?

நான் தையல் மிஷினில் தூங்கி விழுந்தால் என் விரல் போகும். உங்கள் கொக்கிக்குக் கீழே யார் நிற்பது என்று மறந்துவிட்டீர்களா? நீங்கள்தான் அவனுக்கு அந்த வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். நான் பாத்துக்கறேன் என்று என் அம்மா கையைப் பிடித்துச் சொன்னீர்கள்.

புதன்கிழமை மகள் பல் விழுந்த கதையை உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் உங்கள் பக்கம் சத்தமே இல்லை, குறட்டைதான் கேட்டது. சிக்னல் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். "நான் பேசினா அப்பாவுக்குப் போரடிக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இது ஒன்றுக்காகவே உங்களை மன்னிக்கக் கூடாது.

தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன், இனிமேல் மாமா கொக்கிக்குக் கீழே நின்றால் என்னை அக்கா என்று கூப்பிடாதே என்று. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் நிக்கலன்னா மாமாவ யாருக்கா எழுப்புவா?" இத்தனை திட்டுத் திட்டியவள், போனை வைத்துவிட்டு அழுதேன்.

கல்யாணமான புதிதில் உங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். தூக்கு, இறக்கு என்று கை காட்ட ஒருத்தனுக்குத்தான் அதிகாரம். ஆனால் நிறுத்து என்று யார் கை காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும், வேலை தெரியாதவனாக இருந்தாலும், அந்தப் பக்கம் சும்மா போகிறவனாக இருந்தாலும். ஏன் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும் என்றீர்கள். நான் வேலை தெரியாதவள்தான். இங்கிருந்து கை காட்டுகிறேன். நிறுத்துங்கள். இந்தக் கடிதத்தை மடித்ததும் டாக்டரிடம் போங்கள், அதற்கு முன்னால் அந்தக் கிரேன் ஏணியில் ஏறாதீர்கள்.

இரண்டு பேரும் முழுசாக வீடு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
அவனுக்கு அக்கா.