ஓரத்தில் தம்பியின் கையெழுத்து

2024 ஜனவரி 9

காலையிலிருந்து பனி. பத்து மணிக்குத் தம்பி மனைவி புஷ்பவதியின் அழைப்பு. தம்பி பாலேந்திரன் செத்து ஏழு மாதம். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது இதுதான் முதல் தடவை. சுற்றி வளைக்கவில்லை.

"அத்தான், காணியில பாதியை எங்கட பேருக்கு எழுதித் தாங்கோ. சாருஜாவும் மனுசனும் அங்க போய் இருந்து தோட்டம் செய்யப்போயினம். வங்கிக்காரன் காணி உறுதிப் பத்திரம் கேக்கிறான்."

சாருஜா அவளுடைய மகள். காணி அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கம், வெர்மொண்டுக்குக் கிட்ட இருக்கிறது. மேப்பிள் காடு, ஒரு புல்வெளி, பழைய மரவீடு. 1988இல் நானும் தம்பியும் உணவகங்களில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் வாங்கினோம்.

"உறுதியில ஆரின்ர பேர் கிடக்கு?"

"உங்கட பேர்தான்."

"பேந்தென்ன."

பிறகென்ன கதை என்று போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 10

யோகமலர் நேற்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. கலியாணம் செய்து ஐம்பது வருடம். சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவாள்.

ஜனவரி 16

நான் கல்நெஞ்சன் அல்ல. காரணம் இருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் சாருஜாவின் கலியாணம். அழைப்பு கைத்தொலைபேசியில் வந்தது. ஒரு படம், கீழே கைகூப்புகிற பொம்மை. பெண்ணின் பெரியப்பனுக்கு அழைப்பு இப்படியா வரும்? தம்பி இருந்த புரோசார்ட்டிலிருந்து எங்கள் வில்லரே வீட்டுக்கு அரை மணித்தியாலம். கொரோனா என்றார்கள். வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். நான் கதவைத் திறந்து ஆறடி தள்ளி நின்று கேட்டிருப்பேன்.

நான் போகவில்லை. தம்பியோடும் பேச்சை விட்டேன். செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றேன்.

இரவுச் சாப்பாட்டில் யோகமலர் வாய் திறந்தாள். "உங்களுக்குக் காணி வேணுமோ, கோவம் வேணுமோ?"

"ரெண்டும்."

"கோவத்துக்கு உறுதி தேவையில்லை. அதை ஒருத்தரும் பங்கு கேக்க மாட்டினம், முழுசா நீங்களே வைச்சிருங்கோ."

ஜனவரி 29

எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புதான். பிரெஞ்சு படித்தது ஒரு பழைய அகராதியிலும் பத்திரிகையிலும்தான். ஒருவரிடமும் கேட்டுப் படிக்கவில்லை. காணி பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதியிருந்தேன். இன்று தடித்த உறை வந்தது.

எங்கள் காணியில் முதல் குடியேறியவர்கள் அமெரிக்கர்கள். சைலஸ், ஜோயல் என்று இரண்டு சகோதரர்கள், நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து 1801 பனிக்காலத்தில் மாடுகளோடு வந்திருக்கிறார்கள். உறைந்த ஏரிமேல் சறுக்குவண்டியில் சாமான் இழுத்து வந்தார்களாம். காணி வாங்கிய தாள் மூத்தவன் சைலஸின் பெயரில். ஆறு வருடத்தில் ஜோயல் மரம் விழுந்து செத்தான். அவன் மனைவி அபிகேல் பங்கு கேட்டாள். சைலஸ் தாளைக் காட்டினான்.

சைலஸ் சொன்னது சரி. தாள் தாள்தான்.

பெப்ரவரி 6

அபிகேல் நியாயம் கேட்டு எழுதிய மனுவின் பிரதியும் உறைக்குள் இருந்தது. பழைய கையெழுத்து. ஒரு பக்கம் வாசிக்க நான்கு நாள் எடுத்தது. எனக்குப் புரிந்தபடி:

'என் கணவர் இந்த நிலத்தில் மரம் வெட்டினார், கல் பொறுக்கினார். அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அண்ணனிடம் தாள் கேட்பதற்கு அவர் வெட்கப்பட்டார்.'

கீழே பெயருக்குப் பதில் ஒரு சிலுவைக்கோடு. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனு தள்ளுபடி. மூன்று பிள்ளைகளோடு வந்த வழியே திரும்பிப் போனாள்.

எங்கள் புல்வெளியில் ஒரு கல்மதில் ஓடுகிறது. நடு வயலில் திடீரென்று நின்றுவிடும். தம்பி ஒவ்வொரு கோடையிலும் கேட்பான், "ஏன் அண்ணை, பாதியில விட்டிட்டுப் போட்டாங்கள்?" கல் முடிந்திருக்கும் என்பேன்.

கல் முடியவில்லை. குவியலாய் இன்னும் கிடக்கிறது.

பெப்ரவரி 7

ஜோயலுக்கும் எங்களுக்கும் என்ன. அவன் யார், நாங்கள் யார்.

பெப்ரவரி 20

மணி அடித்தது. சாருஜா. தோளில் பனி. உள்ளே வரச் சொன்னது யோகமலர்.

"பெரியப்பா, நான் காணி கேக்க வரேல்ல. அந்த வீட்டுத் திறப்பு ஒண்டு அப்பாட்ட இருந்தது. குடுத்திட்டுப் போவமெண்டு வந்தன்."

சாவியை மேசையில் வைத்தாள். நான் விடவில்லை. "வாசல் எங்க இருக்கெண்டு தெரியுது. கலியாணத்துக்கும் வந்து சொல்லியிருக்கலாம்."

"ஓம் பெரியப்பா. பிழைதான்." பிரெஞ்சில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, மறுபடி தமிழுக்கு வந்தாள். "அப்பா இங்க வந்து சொல்ல வெளிக்கிட்டவர். சேட்டெல்லாம் போட்டு. படியில இறங்கேக்க மூச்சு எடுக்கேலாமல் அதிலயே குந்திட்டார். அண்ணைக்குச் சொல்லாதைங்கோ, பயந்துபோவார் எண்டு அவர்தான் எங்களை மறிச்சவர். பேந்துதான் அந்தப் படம் அனுப்பினது."

தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டாள். யோகமலர் என்னைப் பார்த்தாள். நான் திறப்பைப் பார்த்தேன்.

பெப்ரவரி 21

புஷ்பவதிக்குக் காரமாய் ஒரு கடிதம் எழுத நினைத்தேன். உறுதியில் உள்ள சொற்களையே எடுத்துப் போட வேண்டும் என்று பிஸ்கட் தகரப்பேணியிலிருந்து உறுதியை எடுத்தேன். பதினைந்து இருபது வருடமாய் நான் அதைத் திறக்கவில்லை. என்னைக் கேட்ட எல்லோருக்கும் நான் சொன்னது, தம்பியின் அகதி வழக்கு அப்போது முடியவில்லை, அதனால் பெயர் போட முடியவில்லை என்று. சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

முதல் பக்கத்தில், என் பெயருக்கு மேல், ஒரு வரி பேனாவால் அடிக்கப்பட்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் வாசிக்கலாம். தம்பியின் முழுப்பெயர். ஓரத்தில் பிரெஞ்சில்: 'மூன்று சொற்கள் அடிக்கப்பட்டன, செல்லாது.' அதன் கீழே அவனுடைய சிறிய கையெழுத்து.

இப்போது ஞாபகம் வருகிறது. இல்லை — எப்போதும் இருந்தது.

லொங்குய்யில், உறுதி எழுதுகிற நொத்தாரிசின் அறை. நாள் எடுத்தது தம்பி, அதனால் தட்டெழுத்தில் அவன் பெயர் முதல் வந்துவிட்டது. அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "அண்ணையின்ர பேருக்கு மேல என்ர பேர் இருக்கக்கூடாது." நொத்தாரிசு, புதிதாய்த் தட்டெழுத ஏழு நாள் செல்லும் என்றார். காணி விற்கிற கிழவர் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அன்று பின்னேரமே மகளோடு இருக்கத் தூரத்து ஊருக்குப் போகிறார். "அப்ப என்ரயை வெட்டுங்கோ," என்றான் தம்பி. "பேந்து பாப்பம், அண்ணை."

முப்பத்தாறு வருடம் அந்தப் 'பேந்து'.

அவன் பெயரை வெட்டும்போது நான் என்ன செய்தேன்? கதிரையில் இருந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குச் சந்தோசமாய் இருந்தது. காணிக்காக இல்லை. தம்பி அண்ணனுக்குக் குடுத்த மரியாதையை ஒரு வெள்ளைக்கார நொத்தாரிசு பார்த்தாரே, அதுக்காக.

வாசலுக்கு வந்து அழைக்கவில்லையாம். நான் கணக்கு வைச்சிருந்தது அதை.

பெப்ரவரி 22

கடிதம் எழுதவில்லை.

பெப்ரவரி 27

நொத்தாரிசிடம் நாள் எடுத்தேன். என் மகன் வினோஜன் ரொறன்ரோவிலிருந்து கத்தினான். "ஒருக்கா யோசிச்சீங்களா அப்பா?" முப்பத்தாறு வருடமாய் யோசிக்கவில்லை, இப்போதுதான் யோசித்தேன் என்றேன்.

மார்ச் 5

மெத்ரோவிலும் பிறகு ரயிலிலும் ஏறி புரோசார்ட் போனேன். யோகமலரும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். புஷ்பவதி கதவைத் திறந்து, என் சப்பாத்தைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"பதினைஞ்சாம் திகதி, பத்து மணி. நொத்தாரிசிட்ட. அடையாள அட்டையும் கொண்டு வாரும்."

"இதைப் போனில சொல்லியிருக்கலாமே அத்தான், இந்தக் குளிருக்க."

"இது போனில சொல்லுற விசயமில்லை."

அவள் கதவை அகலத் திறந்தாள். பிறகு, "அப்ப உள்ளுக்கு வாங்கோ," என்றாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போதாது, குடித்தேன். ஏறின படியிலேயே இறங்கி வந்தேன். தம்பி குந்தினது எந்தப் படி என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. திறப்பை மேசையில் விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 15

நொத்தாரிசு இளம் பெண். எழுதி முடித்த உறுதியைத் திரையில் காட்டினாள். புஷ்பவதியின் பெயர் முதல், அதன் கீழே என்னுடையது.

புஷ்பவதி என் பக்கம் குனிந்தாள். "அத்தான், இது பிழையாக் கிடக்கு. என்ரயை வெட்டிப்போட்டுக் கீழ போடச் சொல்லுங்கோ."

அங்கே ஒரு சொல்லும் வெட்ட வேண்டாம் என்று அந்த நொத்தாரிசுப் பிள்ளைக்குப் பிரெஞ்சில் சொன்னேன்.