கண்ணாடிப் பெட்டிக்குள் உன் சால்வை

அக்கா,

குளிர் தொடங்கிவிட்டது. இன்று பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்து உதறியபோது அந்துருண்டை வாசம் எழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாடகியம்மாவின் பங்களாவுக்குள் நுழைந்ததும் நம் முகத்தில் அடித்த அதே வாசம்.

கோடைதோறும் அந்தம்மா கொடைக்கானலுக்கு வரும்போது, நீ மேல்மலையில் நம் போளூரிலிருந்து வந்து அவருக்குச் சமைத்துப் போடுவாய். நாடெங்கும் பெயர்பெற்ற அந்தக் குரல் ஒரு வருடம் குளிரில் கட்டிக்கொண்டது. மிஷன் அம்மாக்களிடம் கற்ற பின்னலில் அவருக்கொரு சால்வை பின்னினாய். சாம்பல் நூல் பத்தவில்லை. ஒரு மூலையைப் பச்சையில் முடித்தாய். எதிரே உட்கார்ந்து நூலைச் சிக்கெடுத்துக் கொடுத்தவள் நான்.

அவர் இறந்தபின் பங்களாவில் அவருடைய தம்புரா, பட்டுப்புடவைகள், படங்கள் எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் இருவரோடு உன்னையும் அழைத்துப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சால்வை கிடந்தது. ‘சமஸ்தானத்துப் பரிசு’ என்று அட்டை வைத்திருந்தார்கள்.

நீ பூரித்துப்போனாய். “சார், இது நான் பின்னுனதுங்க. அந்தா, மூலையில பச்சை தெரியுதுல்ல?”

சுற்றிக் காட்டியவர் சிரித்துவிட்டார். டீச்சர்கள் உன் சேலையின் செம்மண் கறையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“அக்காவுக்குக் கொஞ்ச நாளா புத்தி தடுமாறுது” என்றேன்.

பெட்டிமேல் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய். ஊருக்குக் கிளம்பும்போதுதான் வாய் திறந்தாய்: “வெரசா வீட்டுக்குப் போ புள்ள. சாரல் அடிக்குது.”

மன்னிப்புக் கேட்பதை இன்று, நாளை என்று தள்ளினேன். பூண்டு அறுப்பு முடிவதற்குள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்த மறுநாளே பங்களாவுக்குப் போனேன். அதே மனிதர்தான் இருந்தார்.

“அந்தச் சால்வை எங்கக்கா பின்னுனது சார். அட்டையை மாத்துங்க.”

“அவங்களுக்குப் புத்தி தடுமாறுதுன்னு அன்னைக்கு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?”

“பொய் சொன்னேன் சார். வெக்கப்பட்டு சொல்லிட்டேன்.”

“ரெண்டுல எதை நம்பச் சொல்றீங்க?”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர்கள் இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள், கூடப்பிறந்தவளையே அப்படிச் சொன்னவள் என்று அதன்பின் என்னோடு சேர்ந்து சாப்பிட உட்காருவதில்லை.

அட்டை இன்னும் மாறவில்லை, அக்கா. லீவு நாளில் போய் அந்தப் பெட்டியருகே நிற்கிறேன். வருகிறவர்களிடம், “இது எங்கக்கா பின்னுனது” என்கிறேன். சிலர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார்கள். அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது கொஞ்சம் தெரிகிறது.