அப்பா படத்தில் விழுந்த கோடுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவின் தையல் மிஷினும் இங்கே சுகம், மிஷினுக்குத்தான் எண்ணெய் போட்டு ஒரு வாரம் ஆகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும். உங்கப்பா போய் எட்டு மாசம் ஆகிவிட்டது. கடையைத் திறந்து பட்டன் வைக்கிறேன், கிழிசல் தைக்கிறேன். கடையை மூடிவிட்டுத் தன்னோடு வரச்சொல்கிறான் உன் அண்ணன், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் நீ போனில் சொன்னதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனில் கேட்கிற டமடம சத்தம் மிஷின் போடுவது, உடம்பு கொடுக்கிற பதில் காதுக்கே கேட்காது, அதைப் பிடிக்கிற கம்பிச் சுருளைத்தான் நான் செய்கிறேன் என்றாய். உடம்பில் இருக்கிற தண்ணீர்தான் பதில் சொல்லும் என்றாயே, அப்படியானால் எலும்புக்கு என்ன செய்வீர்கள்? தாகத்தோடு போய்ப் படுத்தால் படம் மங்கலாக வருமா? சிரிக்காதே, தெரியாமல்தான் கேட்கிறேன்.

ஆள் ஒரே தாளத்தில் அசைந்தால் படத்தில் சம இடைவெளியில் கோடு விழும் என்றும் சொன்னாய். நீ போனை வைத்ததும் உங்கப்பாவின் முதல் ஸ்கேன் பிலிமை எடுத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். வயிற்றுக்குக் குறுக்கே வரிவரியாகக் கோடு. இன்ச் டேப் வைத்து அளந்தேன், எல்லாம் ஒரே இடைவெளி. அன்றைக்கு நான் உள்ளேயே அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் எடுக்கிற தம்பி அவர் காலரிலிருந்து மூன்று ஊசியை உருவி எடுத்துவிட்டு, டெய்லரய்யா இன்னும் எங்கெங்க குத்தி வெச்சிருக்கீங்க, உள்ள இருக்கிற காந்தம் இழுத்து என்னையே தைச்சிடப் போகுது என்றான். அசையவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். சத்தம் ஆரம்பித்ததும் போர்வைக்குள் அவர் பாதம் மிதிக்க ஆரம்பித்தது. நாற்பது வருசம் மிதித்த கால், மிஷின் சத்தம் கேட்டால் சும்மா இருக்குமா. நான் பார்த்தேன். பிடித்து நிறுத்தியிருக்கலாம். பயத்தில் விறைத்துக் கிடந்த உடம்பு மிதிக்க மிதிக்கத் தளர்ந்தது, அதனால் விட்டுவிட்டேன். வயிற்றைத்தானே எடுக்கிறார்கள், கால் ஆடினால் என்ன என்று நினைத்தேன்.

படம் கலங்கிவிட்டது, மூன்று வாரம் கழித்து வாங்க என்றார் டாக்டர். மிஷின் கோளாறு என்று நீ அந்த ஆஸ்பத்திரியோடு போனில் சண்டை போட்டாய், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த படத்தில் கட்டி கல்லீரலுக்குப் பரவியிருந்தது. அந்த மூன்று வாரம்தான் அவரைக் கொண்டுபோனதா? போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பிலிமை இதோடு வைத்திருக்கிறேன். கோடுகளுக்குப் பின்னால் கட்டி அன்றைக்கே எதுவரை போயிருந்தது என்று பார்த்துச் சொல். அம்மா தாங்கமாட்டாள் என்று பூசி மெழுகாதே.

இன்னொன்றும் கேட்கவேண்டும். வேண்டாததைக் கழித்துவிட்டுத்தான் படத்தைப் பார்ப்போம் என்றாயே, கழிக்கிற அந்தக் கோடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. நிமிசத்துக்கு எத்தனை மிதி என்று அதிலிருந்து எண்ண முடியுமா? அவர் வேகம் எனக்குப் பிடிபடவில்லை, நான் மிதித்தால் நூல் அறுந்துபோகிறது.

நீ செய்கிற சுருள் நாலு பேருக்கு நல்லது செய்யட்டும், நீ நன்றாக இருப்பாய். பிலிமை மடிக்காமல் திருப்பி அனுப்பு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா